ஆமை வரும் கரைக்கு முதலில் வேண்டியது இருட்டு

பூம்புகாருக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவே உள்ள ஒரு சிறிய மீனவ ஊரிலிருந்து வந்த கேள்விக்கு இது பதில். அங்கே சுமார் 200 வீடுகள். தை பிறந்தால் பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் கரையேறி முட்டையிடும். இப்போது அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் செல்போன் டார்ச்சோடு வரத் தொடங்கியிருக்கிறார்கள். நாயும் காக்கையும் முட்டையைத் தின்கின்றன. "நாங்களே ஒரு பொரிப்பகம் போடலாமா? வருகிறவர்களைத் தடுப்பதா, இல்லை அவர்களால் ஊருக்கு நாலு காசு வரும்படி செய்வதா?" என்று ஊர் இளைஞர்கள் கேட்கிறார்கள்.

நான் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கரையில் ஆமைகளைத் தேடிப் பதினைந்து பருவம் இரவு நடந்தவன். 1988-ல் சென்னை மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு நடக்கும் அதே கரைதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பொரிப்பகத்தை, அதாவது முட்டைகளை எடுத்துவந்து வேலிக்குள் புதைத்துப் பொரிக்கவைக்கும் இடத்தை, பற்றி யோசிப்பதற்கு முன்னால் உங்கள் கரையில் எரியும் விளக்குகளை எண்ணுங்கள்.

பொரித்து வெளிவரும் குஞ்சுக்குக் கடல் எந்தப் பக்கம் என்று காட்டத் தாய் அங்கே இருப்பதில்லை. இருண்ட கரையில் பனையும் மணல்மேடும் நிற்கிற பக்கம் கறுத்துக் கிடக்கும். கடலின் மேல் தாழ்ந்திருக்கும் வானம் சற்றே வெளிறியிருக்கும். வெளிறிய பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கோடிக்கணக்கான ஆண்டுகள் இது பொய்த்ததில்லை. கரையில் ஒரு ஹைமாஸ் லைட் நட்ட அன்று பொய்த்துவிட்டது.

ஓர் ஏப்ரல் விடியற்காலையில் ஒரு கூட்டிலிருந்து கிளம்பிய தடங்களைப் பின்பற்றிப் போனேன். ஈர மணலில் கோழிக்குஞ்சு நடந்தாற்போலச் சின்னச் சின்னக் கீறல்கள். கடலை நோக்கி ஒன்றுகூட இல்லை. எல்லாம் மேற்கே, ஒரு தங்கும் விடுதியின் மதில் விளக்கை நோக்கி. மதிலை ஒட்டிய சாக்கடை மூடியின் இடுக்கில், தீப்பெட்டி அளவுகூட இல்லாத கறுப்புக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எண்ணினோம், 37. அசைந்தவை 11. மற்றவற்றில் எறும்பு ஏறியிருந்தது. அந்தக் கூட்டை இரண்டு மாதம் நாயிடமிருந்தும் காக்கையிடமிருந்தும் காத்து வைத்திருந்தோம். கடைசி இருபது நிமிடத்தில் ஒரு பல்பு எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது.

தாய் ஆமைக்கும் இதே சிக்கல்தான். வெளிச்சமான கரையைக் கண்டால் பாதி ஏறிவிட்டுத் திரும்பிவிடும். உங்கள் மணலில் போய்த் திரும்பிய தடம் மட்டும் இருந்து நடுவே குழி இல்லையென்றால், ஏதோ அதை மிரட்டியிருக்கிறது என்று பொருள்.

விளக்கை அணைக்கச் சொன்னால் ஊரில் எதிர்ப்பு வரும். அது நியாயமான எதிர்ப்பு. ஏலத்துக்குப் போகும் பெண்கள் இருட்டில் நடக்கப் பயந்துதான் அந்த விளக்கைக் கேட்டு வாங்கியிருப்பார்கள். விடியுமுன் தொழிலுக்குப் போகிறவர்களுக்குப் படகு கிடக்கும் இடத்தில் வெளிச்சம் வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் அணையுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஹைமாஸ் கம்பத்தில் கடலைப் பார்த்திருக்கும் பல்புகளை மட்டும் ஜனவரி முதல் மே வரை நிறுத்தி வைத்தாலே பெரிய மாற்றம் தெரியும். தெருப் பக்கம் எரியும் விளக்குகளுக்குக் கடல் பக்கமாக ஒரு தகர மறைப்பு போடுங்கள். வெள்ளை எல்இடிக்குப் பதில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் பல்பு போடுங்கள், உயரத்தைக் குறையுங்கள். ஆமைக் கண்ணுக்கு நீலமும் வெள்ளையும் பளிச்சென்று தெரியும், செம்மஞ்சள் அவ்வளவாகத் தெரியாது. இதை ஊர்ப் பஞ்சாயத்தார் கூடித் தீர்மானமாகப் போட்டு, ஊராட்சித் தலைவர் கையில் கொடுங்கள். வெளியிலிருந்து என்னைப் போன்றவர்கள் வந்து கேட்டால் நடக்காதது, ஊரே கேட்டால் நடக்கும்.

அடுத்து, பார்ப்பது. மக்கள் ஆமையைப் பார்க்கக் கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு தடவை அருகிலிருந்து பார்த்த குழந்தை வாழ்நாள் முழுக்க ஆமையின் பக்கம் நிற்கும். ஆனால் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது.

முதல் வருடம், ஆமை கரையேறியதைக் கண்டதும் நான் ஓடினேன். கூட வந்த மீனவப் பெரியவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "எங்க தம்பி ஓடுற? இப்ப போனா திரும்பிடும். உக்காரு. முட்டை போட ஆரம்பிச்சுதுன்னா பக்கத்துல இடி விழுந்தாலும் அசையாது." அன்று அவர் சொன்னதுதான் இன்றும் நான் சொல்லித்தரும் முதல் பாடம். ஆமை அலையைவிட்டு வரும்போதும் இடம் தேடும்போதும் தூரத்தில், மணலில், பேசாமல் உட்கார வேண்டும். பின்கால்களால் குழி தோண்டி முடித்து முட்டையிடத் தொடங்கிய பிறகுதான் பின்பக்கமாக மெல்ல நெருங்கலாம்.

அந்தப் பின்கால்களைப் பாருங்கள். ஒரு கால் உள்ளே போய், அகப்பை போல மடங்கி, மணலை அள்ளி வெளியே வைக்கும். வைத்த மறுகணம் மற்றக் கால் முன்பு எடுத்துப் போட்ட மணலைத் தூரத் தட்டிவிடும். குழி எப்படி இருக்கிறது என்று அது ஒருதரமும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனாலும் ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற ஒரு குடம் மணலுக்குள் உருவாகிவிடும். முட்டைகள் இரண்டு மூன்றாக விழும். பிங்பாங் பந்து அளவில், தோல் போல மெத்தென்று, வழவழப்பு பூசினாற்போல் இருக்கும். நூறு, நூற்றிருபது முட்டை. கண்ணில் நீர் வழியும். பிரசவ வேதனை என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். உண்மையில் அது உடலில் சேர்ந்த உப்பைக் கண்ணோரச் சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது, கடலுக்குள்ளும் அது அப்படித்தான் அழுதுகொண்டிருக்கும். மணலை மூடிய பிறகு தன் உடம்பையே இடமும் வலமுமாகத் தூக்கித் தூக்கிப் போட்டு மணலைத் திமிசு போடும். நாற்பது கிலோ உடம்பு மணலில் மோதும் அந்தத் தொம் தொம் சத்தம், உட்கார்ந்திருப்பவர் தொடை வரைக்கும் வந்து அதிரும். இதற்கெல்லாம் மொத்தம் ஒரு மணி நேரம்தான் ஆகும்.

இதில் ஃபிளாஷ் அடித்தால் எல்லாம் போச்சு. வருகிறவர்களிடம் போனை முன்கூட்டியே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முகம் சுளிப்பார்கள், திரும்பும்போது நன்றி சொல்வார்கள். வழிகாட்டுகிறவர் கையில் மட்டும் சிவப்புத் தாள் ஒட்டிய ஒரு டார்ச் போதும். ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். ஆமையின் முன்னால் நிற்பது, முதுகைத் தொடுவது, குழந்தையை மேலே உட்கார வைத்துப் படம் எடுப்பது (நடந்திருக்கிறது, கண்ணால் கண்டேன்) மூன்றுக்கும் இடமில்லை. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் முதல் அட்டவணையில் புலி, யானையோடு இருக்கும் உயிர் இது. தொந்தரவு செய்தாலே குற்றம். முட்டையை எடுத்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

இனி பொரிப்பகம். உங்கள் ஊரில் வேண்டாம் என்பது என் கருத்து. சென்னையில் நாங்கள் முட்டைகளை எடுத்து வேலிக்குள் புதைப்பதற்குக் காரணம், விட்டுவைத்தால் ஒரு குஞ்சும் கடலைச் சேராது என்பதுதான். அது வேறு வழி இல்லாத ஊரின் வைத்தியம். இடப்பட்ட சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், முட்டை உருளக் கூடாது, அதே ஆழத்தில் அதே வடிவக் குழி வெட்ட வேண்டும், ஒவ்வொரு வருடமும் மணலை மாற்ற வேண்டும். வெப்பத்தையும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண் என்று குஞ்சின் பாலினத்தையே மணல்தான் முடிவு செய்கிறது. நிழலில்லாத ஒரு பொரிப்பகத்தில் வருடக்கணக்கில் பெண் குஞ்சுகளாகவே பொரித்துத் தள்ளிக்கொண்டிருக்கலாம், வெளியே யாருக்கும் தெரியாது. வனத்துறை அனுமதி இல்லாமல் முட்டையைத் தொடவும் முடியாது. சீர்காழிப் பக்கம் கூழையாரில் வனத்துறையே பொரிப்பகம் நடத்துகிறது. ஒருநாள் போய்ப் பாருங்கள், எவ்வளவு வேலை என்பது புரியும்.

200 வீட்டு ஊரில், விளக்கையும் நாயையும் கட்டுப்படுத்தினால், முட்டை தாய் வைத்த இடத்திலேயே பொரியலாம். கூட்டின் மேல் பழைய வலைத்துண்டை விரித்து, நான்கு பக்கமும் மணலில் ஆழமாகப் புதைத்த மூங்கில் முளைகளில் இறுக்கிக் கட்டுங்கள். நாய் பிராண்டினாலும் தோண்ட முடியாது. நாற்பதாம் நாள் வலையை எடுத்துவிட்டு இரவுக் காவலுக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் குஞ்சுகள் அதிலேயே சிக்கும். நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து நாளுக்குள் ஒருநாள் கூட்டின் மேல் மணல் கிண்ணம் போல லேசாகக் குழியும். அன்று இரவோ மறுநாளோ வெளிவரும்.

நாய்க்குக் கல்லும் விஷமும் தீர்வல்ல. கழித்துப்போட்ட மீனையும் குடலையும் கரையில் வீசுவதால்தான் நாய் கரையில் குடியிருக்கிறது, காக்கையும் அப்படித்தான். ஏலம் முடிந்ததும் கழிவை ஓரிடத்தில் சேர்த்துத் தென்னைக்கு உரமாகப் புதைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு கால்நடைத் துறையிடம் கருத்தடை முகாம் கேளுங்கள்.

காசு விஷயத்துக்கு வருகிறேன், நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டது அதைத்தான். தயங்க வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி மாவட்டத்தின் வேளாஸ், உங்கள் ஊர் போலச் சின்ன ஊர்தான். இருபது ஆண்டுக்கும் மேலாக அங்கே கூடுகளைக் காக்கிறார்கள். குஞ்சு பொரிக்கும் மாதங்களில் வெளியூர்க்காரர்கள் வந்து ஊர்க்காரர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, குஞ்சுகள் கடலுக்குப் போவதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பணம் ஊருக்குள்ளேயே தங்குகிறது. உங்கள் ஊரில் மீன் குழம்பு வைக்கத் தெரியாத வீடு உண்டா? நான்கு வீடுகள் முன்வந்தால் போதும். இரவு நடைக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்து, அதைக் காவலிருக்கும் இளைஞர்களுக்குப் பிரித்துக்கொடுங்கள். கணக்கை மாதாமாதம் ஊர்க்கூட்டத்தில் வாசியுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இரவு பொரித்த குஞ்சுகளைப் பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்துவைத்து, மறுநாள் மாலை விருந்தினர் வந்ததும் கையில் கொடுத்து விடவைப்பது. வெளிவந்த குஞ்சிடம் முட்டைக்கருவின் மிச்சமாகச் சில நாளுக்கான சக்திதான் இருக்கும். அதை வைத்து நிற்காமல் நீந்தி, கரையோர மீன்களைத் தாண்டி ஆழ்கடலுக்குப் போக வேண்டும். தொட்டிக்குள் கால் அடித்து அடித்தே அந்தச் சக்தி தீர்ந்துவிடும். பிறகு விடுகிறோம், கை தட்டுகிறோம், அது அரை மைல் போவதற்குள் களைத்து மீனுக்கு இரையாகிறது. கையில் எடுத்து அலையில் போடுவதும் தவறு. அந்த மணலில் அது நடந்தே போகட்டும். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து முட்டையிடப் பெண் ஆமை தான் பிறந்த கரைப்பக்கத்துக்கே திரும்பும். அதற்கான அடையாளத்தை இந்த முதல் பயணத்திலேயே எடுத்துக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குஞ்சுக்காக ஆள் காத்திருக்க வேண்டும், ஆளுக்காகக் குஞ்சு காத்திருக்கக் கூடாது. வருகிறவர்களிடம் "இன்றைக்குப் பார்க்க முடியாமலும் போகலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏமாற்றமாக இருக்கக் கூடாது என்றால் பகலிலும் காட்ட நிறைய இருக்கிறது: வளை வாசலில் கண்ணை நட்டுக்கொண்டு நிற்கும் நண்டு, மார்கழிக் குளிருக்கு வடக்கேயிருந்து வந்து அலையோரம் ஓடி ஓடிக் கொத்தும் உள்ளான்கள், அடப்பங்கொடியின் ஊதாப் பூ. அந்தக் கொடியைப் பிடுங்கவிடாதீர்கள், மணலைப் பிடித்து நிறுத்துவது அதுதான். ஒரு சங்கப் பாடலிலேயே அடும்பு என்ற இதே கொடி சிதைய ஏறிவந்து ஆமை முட்டையைப் புதைக்கிறது. அதே பாட்டில் ஆண் ஆமை முட்டைக்குக் காவல் இருப்பதாகவும் வருகிறது. நிஜத்தில் ஆண் கரைக்கே வருவதில்லை. ஆனாலும் அந்தக் கொடியையும் முட்டையின் புலால் நாற்றத்தையும் அருகிருந்து கண்டவர்தான் பாடியிருக்க முடியும்.

சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் சவுக்குத் தோப்பு அலைக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். உங்கள் ஊரிலும் புதிதாக வைக்க வந்தால், உயர் அலைக் கோட்டிலிருந்து நல்ல இடைவெளி விடச் சொல்லுங்கள். ஆமைக்கு வெற்று மணல் வேண்டும், வேர் பின்னிய மணலில் குழி எடுக்க முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் கரையில். உண்மையில் ஆமை சாவது கடலில். 2025 ஜனவரியில் சென்னையிலும் சுற்றுக் கடற்கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேல் செத்து ஒதுங்கின. நான் நடந்த ஒரே காலையில் கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தவற்றைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருந்தது. ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் இல்லை. மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். விசைப்படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலையான இழுவைமடியில் மாட்டி மணிக்கணக்கில் இழுபட்டால் மூச்சுமுட்டிச் சாகும். ஒரு கூட்டின் நூற்றுச்சொச்சம் குஞ்சில் முதிர்ந்த ஆமையாகி வருவது ஒன்றும் இல்லாமல் போகலாம், ஆயிரத்துக்கு ஒன்று என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அப்படிப் பிழைத்து வளர்ந்த தாயை இழப்பதை எத்தனை பொரிப்பகம் வைத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிகிறது. அது மீன் குஞ்சுக்கு நல்லது. ஆனால் ஆமைகள் கரையோரம் கூடுவது டிசம்பரிலிருந்து மார்ச் வரை. தடை வரும்போது அவற்றில் பெரும்பாலானவை போய்விடும். அதனால் அந்த மாதங்களில் விசைப்படகு கரையை ஒட்டி இழுக்காமல் இருப்பதுதான் முக்கியம். கரையோர நீர் சிறுபடகுக்காரர்களுக்கு என்று ஒதுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1983-லேயே வந்துவிட்டது. இதில் உங்கள் ஃபைபர் படகுக்காரர்களின் நலனும் ஆமையின் நலனும் ஒன்றே. கரையோரம் மடி இழுத்தால் உங்கள் வலையும் அறுகிறது, உங்கள் மீனும் போகிறது. புகார் எழுதும்போது இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். இழுவைமடியில் ஆமை தப்பிக்கும் கதவு பொருத்தலாம், கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கென்றே ஒன்று வடிவமைத்திருக்கிறது. ஆமையோடு கொஞ்சம் மீனும் போகும் என்பது விசைப்படகுக்காரர்களின் குறை. அதையும் காதுகொடுத்துக் கேட்டுப் பேச வேண்டும்.

உங்கள் ஊர்ப் படகுகளும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. கண்ணி பெரிதான திருக்கை வலையில் ஆமை நிறைய மாட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும் அந்த வலையை இறக்காமல் இருக்க ஊர்க் கட்டுப்பாடு கொண்டுவர முடியுமா பாருங்கள். மாட்டியது அசைவில்லாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று கடலில் தள்ளிவிடாதீர்கள், அப்படியே மூழ்கிவிடும். வயிறு கீழே இருக்கும்படி படகில் வைத்து, பின்பக்கத்தை அரையடி உயரத்துக்குத் தூக்கி ஏதாவது முட்டுக் கொடுங்கள். நுரையீரலில் புகுந்த நீர் வாய் வழியே வடியும். வெயில் படாமல் ஈரச்சாக்கு போர்த்துங்கள், மூக்கை மூடாதீர்கள். சில மணி நேரம், சிலசமயம் ஒருநாள் கழித்துக்கூட மூச்சு வரும். செத்து ஒதுங்கியதைக் கண்டால் நாள், இடம், அளவு குறித்துவிட்டு ஓட்டில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள், மறுநாள் வேறொருவர் திரும்ப எண்ணாமல் இருக்க. வனச்சரகருக்குச் சொல்லுங்கள்.

உங்களில் ஒருவர், "ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அம்மா இரவு நடைக்கு விடமாட்டேன் என்கிறார்" என்று எழுதியிருந்தார். அம்மாவையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் கரையில் முதலில் வாசலில் நின்று திட்டிய ஒரு அத்தை, திமிசு போடும் ஆமையைக் கண்ட பிறகு "பிள்ளத்தாச்சி மாதிரி மூச்சு வாங்குதே" என்று சொல்லி, மறுநாளிலிருந்து எங்களுக்குப் பாலில்லாத டீ போட்டு வைத்தார். இப்போதும் பருவத்துக்குப் பருவம் அவர் வீட்டில்தான் இரவு நடைக்கான குச்சியும் ஆமைக் கணக்கு எழுதும் நோட்டும் இருக்கும்.

நோட்டு வாங்கிவிட்டீர்களா? தேதி, நேரம், நிலா, ஏறிய இடம் எந்தப் படகுத்துறைக்கு நேராக, தடத்தின் அகலம், முட்டையிட்டதா திரும்பியதா, இந்த ஆறும் போதும். ஊர் ஓடையின் முகத்துவாரத்திலிருந்து தெற்கே சவுக்குத் தோப்பு வரை ஒரே வழி, ஒரே ஆட்கள், இரவு பதினொன்றுக்குக் கிளம்பி நான்கு மணிக்குள் இரண்டு நடை. ஜனவரி முதல் வாரத்திலேயே தொடங்குங்கள், ஆமை ஒன்றும் வராவிட்டாலும் "வரவில்லை" என்று எழுதுங்கள். ஹைமாஸ் லைட் அணைந்த தேதியையும் அதே நோட்டில் குறித்து வையுங்கள்.